வாதாபியின் செம்பாறைகள்: சாளுக்கியர் கட்டிய மூன்று ஊர்கள்

தமிழ் வாசகர்களுக்கு வாதாபி என்னும் பெயர் பெரும்பாலும் மூன்று வழிகளில் அறிமுகமாகிறது: அகத்தியர் உண்டு செரித்த அரக்கனின் பெயராக, முத்துசுவாமி தீட்சிதரின் ஹம்சத்வனிக் கீர்த்தனை போற்றும் கணபதியின் பெயரோடு ஒட்டியதாக, கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலில் பல்லவப் படை வென்றழித்த பகைநகராக. இவற்றுள் எதுவும் அந்த நகரத்தில் என்ன கட்டப்பட்டது என்று சொல்வதில்லை. கர்நாடகத்தின் வட பகுதியில், பாகல்கோட்டை மாவட்டத்தில், இன்று பாதாமி என்று வழங்கும் அவ்வூரும், அதற்கு ஒருநாள் பயணத் தொலைவுக்குள் மலப்பிரபை ஆற்றை ஒட்டி அமைந்த ஐஹோளே, பட்டடக்கல் ஆகிய ஊர்களும், கி.பி. 543 முதல் ஏறத்தாழ 753 வரை ஆண்ட முற்காலச் சாளுக்கியரின் இருநூறு ஆண்டுக் கட்டடப் பணியைத் திறந்த வெளியில் இன்றும் தாங்கி நிற்கின்றன.

இம்மூன்று ஊர்களையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத சுற்றுலாத் தலங்களாகப் பார்த்துத் திரும்புவோர் பலர். மலையைக் குடைந்து தொடங்கிய ஒரு கலை, வெட்டிய கல்லை அடுக்கிக் கட்டும் கலையாக வளர்ந்து, இறுதியில் காஞ்சியின் கலையோடு நேருக்கு நேர் உரையாடிய வரலாற்றின் அடுத்தடுத்த கட்டங்கள் அவை என்று உணர்ந்து பார்த்தால், அங்குள்ள ஒவ்வொரு தூணும் கூரையும் விளங்கத் தொடங்கும். அந்த உரையாடலில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்பதால், தமிழ்ப் பயணிக்கு இவ்வூர்கள் கூடுதல் நெருக்கம் உடையவை.

எல்லாவற்றுக்கும் முதல், கல்

பாதாமிக்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படுவது கோயில் அன்று, பாறை. ஊரை ஒட்டி வடக்கிலும் தெற்கிலும் செங்குத்தாக எழும் இரு குன்றுகளும், அவற்றுக்கு நடுவே பசுமை கலந்த நீருடன் கிடக்கும் அகத்திய தீர்த்தம் என்னும் ஏரியும் சேர்ந்து, மூன்று புறமும் மலை சூழ்ந்த ஓர் இயற்கை அரணை உருவாக்குகின்றன. இக்குன்றுகள் மணற்கல்லால் ஆனவை; அதாவது, தொன்மையான நீரோட்டங்கள் கொண்டுவந்து படிய வைத்த மணல், மேன்மேலும் படிந்த அடுக்குகளின் எடையால் அழுத்தப்பட்டு இறுகிக் கல்லான வகையைச் சேர்ந்தவை. நிலவியலார் இப்படிவுகளைப் புரோட்டரோசோயிக் என்னும் ஊழியில், அதாவது 250 கோடி ஆண்டுகளுக்கும் 54 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில், நிலத்தில் செடிகொடிகளோ விலங்குகளோ தோன்றாத காலத்தில் வைக்கின்றனர். மணலோடு கலந்திருந்த இரும்பு, ஆக்சைடாக மாறியதால் பாறை செம்மையும் பொன்மையும் ஊதாச் சாயலும் கலந்த நிறம் பெற்றது.

இந்தக் கல்லின் இரண்டு இயல்புகள் சாளுக்கியச் சிற்பிகளின் வேலையைப் பெரிதும் முடிவு செய்தன. முதலாவது, அதன் அடுக்குகள் ஏறத்தாழக் கிடைமட்டமாகவே கிடப்பதால், குடைந்த கூடத்தின் விதானம் தட்டையாகவும் உறுதியாகவும் நிற்கிறது. இரண்டாவது, செங்குத்தான வெடிப்புகள் அடுக்குகளை ஊடறுத்துச் செல்வதால், மழையும் வெயிலும் பாறையை உருண்டையாகத் தேய்க்காமல் சுவர் போன்ற முகங்களாகப் பிளக்கின்றன. சிற்பி உளி வைப்பதற்கு முன்பே இயற்கை அவனுக்கு ஒரு முகப்பைத் தயார் செய்து வைத்திருந்தது. பல்லவர் கையாண்ட கருங்கல்லோடு ஒப்பிடுகையில் மணற்கல் உளிக்கு எளிதில் இணங்குவது. ஆகவே அணிகலன்களின் முத்துகளையும் ஆடையின் மடிப்புகளையும் ஆழமாகவும் நுணுக்கமாகவும் செதுக்க அது இடம் தந்தது.

குடைவரைகள்: மலைக்குள் திறந்த கூடங்கள்

வட கரைப் பாறையில் சக ஆண்டு 465, அதாவது கி.பி. 543 என்று காலம் குறிக்கும் ஒரு கல்வெட்டு, முதலாம் புலிகேசி இக்குன்றைக் கோட்டையாக்கியதைப் பதிவு செய்கிறது. அடுத்த தலைமுறையில் தென் குன்றின் முகத்தில் குடைவரைகள் உருவாயின. குடைவரை என்பது கல்லைக் கொண்டுவந்து அடுக்கிக் கட்டாமல், மலையையே உள்நோக்கி வெட்டி நீக்கி உருவாக்கும் கோயில். அதில் எஞ்சவிட்ட கல்லே தூணாகிறது, சுவராகிறது, இறைவனின் உருவமும் ஆகிறது. ஒருமுறை வெட்டி எறிந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், தூண்களின் இடமும் விதானத்தின் உயரமும் முதல் உளி படுவதற்கு முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

கீழிருந்து மேலாகப் படிகளில் ஏறிச் செல்லும்போது அடுத்தடுத்து வரும் நான்கு குடைவரைகளும் முன்தாழ்வாரம், தூண்கள் நிறைந்த மண்டபம், பின்சுவரில் குடைந்த சிறு கருவறை என்னும் ஒரே அமைப்பைப் பின்பற்றுகின்றன. சிவனுக்குரிய முதல் குடைவரையின் வெளிப்புறத்தில், பதினெட்டுக் கரங்களோடு ஆடும் சிவனின் உருவம் பாறையிலேயே உள்ளது. விரிந்த கரங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு முத்திரையிலோ கருவியோடோ அமைந்திருப்பதால், ஒரே உடலில் ஆட்டத்தின் பல கணங்கள் அடுத்தடுத்து நிகழ்வது போன்ற உணர்வு எழுகிறது. இரண்டாம் குடைவரை திருமாலுக்குரியது. உலகளந்த திரிவிக்கிரமனும் நிலமகளை ஏந்திய வராகமும் அதன் தாழ்வாரத்தில் எதிரெதிரே நிற்கின்றன.

இவ்வரிசையின் உச்சம் மூன்றாம் குடைவரையே. முதலாம் கீர்த்திவர்மனின் ஆட்சியில் அவன் தம்பி மங்கலேசன் இதைத் திருமாலுக்கு எடுப்பித்ததைச் சக ஆண்டு 500, அதாவது கி.பி. 578 என்னும் தெளிவான காலக்குறிப்புடன் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தக்காணக் குடைவரைகளில் இவ்வளவு உறுதியாகக் காலம் சொல்லக்கூடியவை மிகக் குறைவு என்பதால், பிற கோயில்களின் காலத்தைக் கணிக்க முயல்வோருக்கு இது ஓர் அளவுகோல். ஏறத்தாழ 70 அடி அகல முகப்புடைய இக்குடைவரையின் தாழ்வார முனைகளில், ஆதிசேடனின் சுருள்மேல் அமர்ந்த திருமாலும், வராகமும், நரசிம்மரும், அரிகரரும், திரிவிக்கிரமனும் ஆளுயரத்தை விஞ்சிய அளவில் காட்சியளிக்கின்றனர். தூண்களுக்கும் விதானத்துக்கும் இடையே எடையைத் தாங்கும் முட்டுக்கொடுப்பாக அமைந்த மதலைகளில் மரநிழலில் நிற்கும் காதலர் இணைகள் செதுக்கப்பட்டிருப்பதும், கூரையின் விளிம்பில் பழைய ஓவியங்களின் வண்ணத் தடங்கள் மங்கலாக எஞ்சியிருப்பதும், இங்கு ஒரு காலத்தில் கல்லும் வண்ணமும் சேர்ந்தே கண்ணுக்கு விருந்தாயின என்பதைக் காட்டுகின்றன. மேலே உள்ள நான்காம் குடைவரை சமணருக்குரியது; பார்சுவநாதரும் கொடி சுற்றிய கால்களோடு நிற்கும் பாகுபலியும் அங்கு உள்ளனர். சைவம், வைணவம், சமணம் ஆகிய மூன்றும் ஒரே மலைமுகத்தில் ஒரே கலைமொழியைப் பேசுவது பாதாமியின் தனிச்சிறப்பு.

பல்லவ மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணச்சாந்தும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததைப் பெருமையோடு கூறும் மண்டகப்பட்டுக் கல்வெட்டு ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அப்போது வாதாபியின் மூன்றாம் குடைவரை முடிந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகியிருந்தது. மாமல்லபுரத்தின் வராக மண்டபத்திலும் வராகமும் திரிவிக்கிரமனும் இடம்பெறுவதால், இரண்டையும் கண்டவர், அதே கருப்பொருள் மணற்கல்லில் எவ்வளவு முறுக்கோடும் கருங்கல்லில் எவ்வளவு அடக்கத்தோடும் வெளிப்படுகிறது என்பதை ஒப்பிட்டு உணரலாம்.

போர் விட்டுச்சென்ற எழுத்துகள்

சாளுக்கியரின் வலிமை இரண்டாம் புலிகேசியின் காலத்தில் உச்சம் கண்டது. வடக்கே ஹர்ஷரின் படையைத் தடுத்து நிறுத்திய அவனது வெற்றிகளை ஐஹோளேயில் மேகுடி என்னும் சமணக் கோயிலின் சுவரில், கி.பி. 634ஐச் சேர்ந்த வடமொழிக் கல்வெட்டில் ரவிகீர்த்தி என்னும் புலவர் விரித்துரைத்துள்ளார். பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்க நேர்ந்ததும் அதில் சொல்லப்படுகிறது. அக்கல்வெட்டில் ரவிகீர்த்தி தம்மைக் காளிதாசர், பாரவி ஆகியோருக்கு நிகராகக் கூறிக்கொள்வதால், அவ்விரு கவிஞர்களும் 634க்கு முன்பே புகழ்பெற்றிருந்தனர் என்பதற்கு இலக்கிய வரலாற்றாளர்கள் இதையே உறுதியான சான்றாகக் கொள்கின்றனர். ஒரு போர்ப் புகழுரை இலக்கியக் காலக்கணக்குக்குத் தூணாக அமைந்தது இவ்வாறுதான்.

சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. சென்னைக்கு அருகிலுள்ள மணிமங்கலம் உள்ளிட்ட போர்க்களங்களில் புலிகேசியை வென்ற மாமல்லன் நரசிம்மவர்மன், 642ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கைப்பற்றினான். அவனது 13ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, சிதைந்த கல்வெட்டு ஒன்று பாதாமிப் பாறையில் இன்றும் உள்ளது. பகைவனின் தலைநகரில் பல்லவன் பொறித்த அவ்வெழுத்துகள், 'வாதாபி கொண்ட' என்னும் பட்டம் வெறும் புகழ்ச்சி அன்று என்பதற்குச் சான்று. இப்படையெடுப்பில் பங்கேற்ற பரஞ்சோதியே பின்னர்ச் சிறுத்தொண்டர் ஆனார் என்று பெரியபுராணம் கூறுகிறது. திருச்செங்காட்டங்குடியின் வாதாபி கணபதியை அவரே கொண்டுவந்தார் என்பது செவிவழி மரபாக வழங்குகிறது. முதலாம் விக்கிரமாதித்தன் 655ஆம் ஆண்டளவில் நாட்டை மீட்டெடுக்கும் வரை நீடித்த இந்த வீழ்ச்சிக்கு முன்பே குடையப்பட்ட கோயில்கள் இன்றும் நிற்கின்றன என்பதைப் பயணி நினைவில் கொள்ள வேண்டும். நகரம் வீழ்ந்தது, அதன் கலை வீழவில்லை.

ஏரியின் கிழக்குக் கரையில் நீரைத் தொட்டபடி நிற்கும் பூதநாதர் கோயிலும், வட குன்றின் தனிப் பாறைமேல் அமைந்த மாலெகித்தி சிவாலயமும், குடைவரைக்கு அடுத்த கட்டத்தை, அதாவது வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டும் கட்டுமானக் கோயிலைக் காட்டுகின்றன. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மாலெகித்தி சிவாலயத்தின் விமானம், அதாவது கருவறைமேல் எழும் கோபுர அமைப்பு, எண்பட்டைச் சிகரத்தோடு கூடிய திராவிட பாணியில் அமைந்தது. வட குன்றின் பாறைப் பிளவுகளுக்கு இடையே, இருபுறமும் செங்குத்துச் சுவர்கள் நெருங்கி நிற்கும் இடுக்கு வழியாக ஏறும் பாதையே, பாதாமியின் இயற்கை அழகையும் அரண் வலிமையையும் ஒருசேரப் புரியவைக்கும் இடமாகும்.

ஐஹோளே: பல விடைகள் தேடிய ஊர்

நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் சிதறிக் கிடக்கும் ஐஹோளேயை இந்தியக் கோயில் கலையின் தொட்டில் என்று வழிகாட்டி நூல்கள் அழைப்பது வழக்கம். அங்குள்ள கோயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, எளியதிலிருந்து சிக்கலானதற்கு நேர்கோட்டில் வளர்ந்தவை என்ற எண்ணத்தை அந்த அடைமொழி தருகிறது. உண்மையில் அவற்றுள் பல ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் அருகருகே எழுந்தவை. கோயில் என்பது எவ்வடிவில் இருக்கலாம் என்ற ஒரே கேள்விக்கு வெவ்வேறு சிற்பிகள் ஒரே காலப்பகுதியில் வெவ்வேறு விடைகளை முயன்று பார்த்த இடம் அது.

பிற்காலத்தில் அதில் குடியிருந்த ஒருவரின் பெயரால் லாட்கான் கோயில் என்று வழங்கும் கோயிலின் சரிவான கூரையில், பலகைக் கற்களின் இணைப்புகளை மூட நீண்ட, ஒடுங்கிய கற்கள் மரக்கட்டைகளைப் போலப் பதிக்கப்பட்டுள்ளன. மரத்தில் கட்டிப் பழகிய கைகள் கல்லுக்கு மாறிய பின்னும் மர வேலையின் நெறியை விடாமல் பின்பற்றியதை இக்கூரை காட்டுகிறது. துர்க்கை கோயில் எனப்படுவது துர்க்கைக்கு எடுத்தது அன்று; அருகிலிருந்த துர்க்கம், அதாவது கோட்டை காரணமாக அப்பெயர் வந்தது. அதன் பின்புறம் அரைவட்டமாக வளைந்திருப்பதைத் தமிழ் மரபு தூங்கானை மாடம் என்றும், வடமொழி நூல்கள் கஜபிருஷ்டம் என்றும் குறிக்கின்றன. படுத்திருக்கும் யானையின் முதுகை ஒத்த வடிவம் என்பது பொருள். அவ்வளைவைச் சுற்றித் தூண்களோடு கூடிய திறந்த சுற்றுத் தாழ்வாரம் அமைந்திருப்பதால், வலம் வரும்போது மாடக்குழிகளிலுள்ள நரசிம்மர், வராகர், மகிடாசுரமர்த்தினி முதலிய சிற்பங்கள் ஒவ்வொன்றாகத் தூண் நிழலிலிருந்து வெளிப்படுகின்றன.

இவ்வூருக்குத் தமிழ் வணிக வரலாற்றோடும் தொடர்பு உண்டு. ஐஹோளேயைத் தாயகமாகக் கொண்ட ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு, தென்னிந்தியா முழுவதும் கடல் கடந்தும் பரவியது. சுமத்திராத் தீவின் பாருஸ் பகுதியில் கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு திசையாயிரத்து ஐந்நூற்றுவரைக் குறிப்பிடுகிறது. மலப்பிரபைக் கரையின் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய அமைப்பு இந்தியப் பெருங்கடலின் மறுகரையில் தமிழில் எழுதி வைத்தது என்பதை எண்ணும்போது, அவ்வூரின் அமைதியான தெருக்களுக்குப் பின்னாலுள்ள பரந்த உலகம் புலப்படும்.

பட்டடக்கல்: இரு மரபுகளும் ஒரே வெளியில்

சாளுக்கிய மன்னர்களின் முடிசூட்டு விழாக்களோடு தொடர்புடைய பட்டடக்கல், மலப்பிரபை வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் இடத்தில் அமைந்துள்ளது. 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட இவ்வூரின் சிறப்பு, இந்தியக் கோயில் கலையின் இரு பெரும் மரபுகள் சில அடிகள் இடைவெளியில் ஒருங்கே நிற்பதுதான். நாகரம் என்பது வளைந்து உயரும் கோட்டுருவமும், உச்சியில் நெல்லிக்கனி போன்ற ஆமலகம் என்னும் உறுப்பும் உடைய வட மரபு. திராவிடம் என்பது தளங்கள் படிப்படியாகச் சுருங்கி மேலேறி, ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் சிறு கோயில் வடிவங்கள் வரிசையாக அமைந்த தென் மரபு. இங்கே கலகநாதர் கோயில் முதல் மரபிலும், சங்கமேசுவரர், விருபாட்சர், மல்லிகார்ச்சுனர் கோயில்கள் இரண்டாம் மரபிலும் எழுந்துள்ளன; நாகரச் சிகரத்தைக் கொண்ட பாபநாதர் கோயிலின் சுவர்களில் தென் மரபின் கூறுகளும் கலந்துள்ளன. இரண்டின் வேறுபாட்டை ஏட்டில் படித்துக் குழம்பியவர்களுக்கு, இவ்வெளியில் நின்று ஒருமுறை தலையைத் திருப்புவதே போதுமான பாடம்.

இவற்றுள் மிகப் பெரியதும் இன்றும் வழிபாடு நடப்பதுமான விருபாட்சர் கோயில், இரண்டாம் விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவியால், எட்டாம் நூற்றாண்டின் நாற்பதுகளில், அவன் காஞ்சியை வென்றதன் நினைவாக எடுக்கப்பட்டது. அவளுடைய தங்கையும் மற்றொரு அரசியுமான திரைலோக்கியமகாதேவி அதன் அருகிலேயே மல்லிகார்ச்சுனர் கோயிலை எடுப்பித்தாள். விருபாட்சர் கோயிலின் கல்வெட்டுகள் குண்டன் அனிவாரிதாசாரி என்னும் தலைமைக் கட்டடக் கலைஞரைப் பட்டங்களோடு போற்றுவதும், சர்வசித்தி ஆசாரி என்பவரைத் தென்திசை நாட்டின் சூத்திரதாரி, அதாவது கட்டடத் திட்டத்தின் தலைவர், என்று குறிப்பதும் அரிய செய்திகள். மன்னர்களின் பெயர்களே நிலைத்த காலத்தில் கட்டியவர்களின் பெயர்களையும் கல்லில் பதித்த இக்கோயில், கைவினைஞருக்கு அக்காலச் சமூகம் அளித்த மதிப்பை உரக்கச் சொல்கிறது.

கருவறையைச் சுற்றி உள்ளேயே வலம் வரும் இருள்சூழ்ந்த பாதையும், வெளிச்சத்தை வடிகட்டும் கல் பலகணிகளும், இராமாயண, மகாபாரதக் காட்சிகள் நிறைந்த மண்டபத் தூண்களும், விமானத்தின் முன்புறம் மூக்குப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் சுகநாசி என்னும் உறுப்பும் இக்கோயிலில் நின்று பார்க்க வேண்டியவை. சுகநாசி சாளுக்கியக் கோயில்களில் காணப்படும் கூறு. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் விமானத்தில் அது இல்லை.

வென்றவன் கற்றுக்கொண்டது

விருபாட்சர் கோயிலுக்குக் காஞ்சியில் இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கயிலாசநாதர் கோயில் முன்மாதிரி என்றும், காஞ்சியிலிருந்து வந்த சிற்பிகளே இதைக் கட்டினர் என்றும் சொல்வது வழக்கம். சுற்று மதிலை ஒட்டிய சிறு கோயில்களின் வரிசை முதலிய பொதுக்கூறுகள் இதற்கு ஆதரவாக உள்ளன. ஆயினும் மாலெகித்தி சிவாலயம் ஏழாம் நூற்றாண்டிலேயே திராவிட விமானத்தோடு எழுந்ததையும், விக்கிரமாதித்தனின் தந்தை விசயாதித்தன் எடுத்த சங்கமேசுவரர் கோயிலும் அதே மரபில் அமைந்ததையும் நோக்கினால், சாளுக்கியர் ஒரு புதிய பாணியை வெற்றிப் பொருளாக அள்ளி வந்தனர் என்று சொல்வது பொருந்தாது. தம்மிடம் ஏற்கெனவே இருந்த ஒரு மரபு, காஞ்சியில் எவ்வளவு தூரம் வளர்ந்திருந்தது என்பதைக் கண்டு, அதனோடு போட்டியிட்டுத் தம் கலையை மேலும் உயர்த்தினர் என்பதே சான்றுகளுக்கு நெருக்கமான முடிவு.

இதற்குத் துணையாக நிற்பது காஞ்சியிலேயே உள்ள ஒரு கல்வெட்டு. கயிலாசநாதர் கோயிலின் மண்டபத் தூண் ஒன்றில், கன்னட மொழியில், இரண்டாம் விக்கிரமாதித்தன் அக்கோயிலின் செல்வத்தைக் கண்டு அதைக் கவராமல் இறைவனுக்கே திரும்ப அளித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. நூறு ஆண்டுகளுக்கு முன் தன் தலைநகரை இழந்த குலத்தில் பிறந்தவன், பகைவனின் கோயில்முன் நின்றபோது செய்தது இது. அதன் பின்னர் அவனுடைய அரசியர் எடுப்பித்த கோயில்களை அறிந்துதான் இராட்டிரகூட முதலாம் கிருஷ்ணனின் காலத்தில் எல்லோராவின் கயிலாசம் மலையிலிருந்து செதுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் காஞ்சியில் தொடங்கிய ஓர் எண்ணம் பட்டடக்கல் வழியாக எல்லோராவை அடைந்தது எனலாம்.

செல்வோர் அறிய வேண்டியவை

ஹூப்ளியிலிருந்து ஏறத்தாழ 105 கிலோமீட்டர் தொலைவில், கதக்–சோலாப்பூர் ரயில் தடத்தில் பாதாமி அமைந்துள்ளது. அங்கிருந்து பட்டடக்கல் சுமார் 22 கிலோமீட்டர். ஐஹோளே அதற்கும் அப்பால் உள்ளது. சாலையில் முதலில் வருவது பட்டடக்கல்தான் என்றாலும், முதல் நாளைப் பாதாமிக்கு ஒதுக்கி, மறுநாள் காலையில் நேரே ஐஹோளே சென்று, திரும்பும் வழியில் பட்டடக்கல்லைக் காண்பது, குடைவரையிலிருந்து பெருங்கோயில் வரையிலான வளர்ச்சியை வரிசை பிறழாமல் உணர உதவும். மார்ச் முதல் மே வரை வெயிலில் பாறைகள் கொதிக்கும் என்பதால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே உகந்தவை. நேரம் மிகுந்தோர், ஊற்றுநீர்க் குளத்தோடு கூடிய மகாகூடத்தையும், பாதாமிக்கு அருகிலுள்ள பனசங்கரி கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். கையில் உணவுப் பொட்டலத்தோடு குடைவரைப் படிகளில் ஏறினால் குரங்குகள் விடமாட்டா. ஊருக்குள் இறங்கி, சூடான சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் கடலைச் சட்னிப்பொடியும் உண்பதே நல்லது.

மணற்கல்லின் மென்மை சிற்பிக்கு வரமாக இருந்தது போலவே இன்று அதற்குக் கேடாகவும் இருக்கிறது. கைபடும் இடங்களில் மணல்மணலாக உதிர்ந்து முகங்கள் மழுங்குகின்றன, நீர் கசியும் இடங்களில் அடுக்கடுக்காகப் பெயர்கின்றன, மூன்றாம் குடைவரையின் ஓவியங்களில் எஞ்சியவை மிகச் சிலவே. ஆகவே தொட்டுப் பார்க்காமல், சாய்ந்து நின்று படம் எடுக்காமல், பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது ஒவ்வொரு பயணியின் கடமை. தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் இயன்றால் பயணத்துக்கு முன்பே காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலை நிதானமாகக் கண்டு, அங்குள்ள கன்னடக் கல்வெட்டுத் தூணையும் பார்த்துவிட்டுச் செல்வது நல்லது. பாதாமியில் மாமல்லனின் எழுத்தும் காஞ்சியில் விக்கிரமாதித்தனின் எழுத்தும் இருப்பதை அறிந்தவருக்கு, வாதாபி இனி வெல்லப்பட்ட ஊர் மட்டும் அன்று, காஞ்சியோடு சேர்த்தே படிக்க வேண்டிய ஊர்.